வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்வதற்கு முன்

உங்கள் அம்மாவோ அப்பாவோ இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் இதை இன்றைக்கே படித்துவிடுங்கள், டிஸ்சார்ஜ் தேதி தெரியட்டும் என்று தள்ளி வைக்காதீர்கள். வீட்டுக்குப் போகிற ஏற்பாட்டை ஆபரேஷன் முடிந்த கையோடு தொடங்க வேண்டும், அப்புறம் வீட்டில் நாம் என்னென்ன செய்யப் போகிறோமோ அத்தனையையும் மிஸ்ஸியும் (தாதி) பிசியோவும் பக்கத்தில் இருக்கும்போதே வார்டில் நம் கையால் செய்து பழகிவிட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் அது எப்படி நடந்தது என்ற விவரம்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில், குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை, வலது கால் கொஞ்சம் குட்டையாகி வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. இடுப்புக் குழிக்குள் உருளும் அந்த மேல்முனையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள்.

மறுநாளே பிசியோ வந்து அம்மாவை எழுப்பி நிற்க வைத்தபோது, பார்க்க வந்திருந்த பெரியம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "என்னா பாப்பா இது, நேத்துதான் அறுத்தாங்க, இன்னைக்கு நிக்கச் சொல்றாங்க" என்று அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிசியோ பொறுமையாகச் சொன்னார்: வயதானவர்கள் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், முதுகிலும் குதிகாலிலும் புண் வரும், இருக்கிற கொஞ்சம் சதையும் வற்றிவிடும். இடுப்பு முறிந்த பெரியவர்கள் பலரைச் சாய்ப்பது முறிந்த எலும்பு இல்லை, அதற்குப் பிறகு படுக்கையில் வந்து சேரும் இவைதான். அதனால்தான் சீக்கிரம் எழுப்புகிறார்கள், சீக்கிரம் வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் காலத்தில் எலும்பு முறிந்தவரை மாதக்கணக்கில் வார்டில் போட்டு வைத்திருந்த கதையெல்லாம் பெரியவர்கள் சொல்வார்கள், இப்போது அப்படி இல்லை. நமக்குக் கிடைப்பது சில நாட்கள்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வீட்டுக்குப் போவது என்பது.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. பினாங்கில் பழைய மலிவு விலை பிளாட்டுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, எங்களுடையதும் அப்படித்தான். தம்பி சுங்கை ஆராவில் தரை வீட்டில் இருக்கிறான், கீழேயே ஒரு அறை, அதை ஒட்டிக் குளியலறை. கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றார். "நான் என் வீட்டுக்குத்தான் போவேன். அங்க போயிட்டா என் சாமிக்கு யாரு வெளக்கு வைப்பா?" விளக்கு ஒரு காரணம்தான். மருமகள் கையால் தன்னைக் கழுவிவிட வேண்டி வருமே என்ற கூச்சம் இன்னொன்று, அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். எங்களை வளர்த்தபோது யாரிடமும் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துத் தா என்று கேட்டுப் பழகாதவர்.

நானும் தம்பியும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கடைசியில் வழி காட்டியது பிசியோதான். வீட்டில் எத்தனை மாடி, கைப்பிடி எந்தப் பக்கம், கக்கூஸ் உட்காருகிற மாதிரியா குந்துகிற மாதிரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் கைப்பேசியில் வாசல் முதல் குளியலறை வரை வீடியோ எடுத்து வந்து காட்டினேன், அது ரொம்ப உதவியாக இருந்தது, நீங்களும் செய்யுங்கள், வாயால் சொல்லும்போது நமக்கே ஞாபகம் வராத வாசற்படியும் குளியலறைத் திட்டும் வீடியோவில் தப்பாமல் தெரியும். பிறகு அம்மாவைச் சக்கர நாற்காலியில் பிசியோ அறைக்கு அழைத்துப் போய், அங்கே பழகுவதற்காக மரத்தில் செய்து வைத்திருக்கும் சின்னப் படிக்கட்டில் ஏறச் சொன்னார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில், இதுதான் விதி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோவிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளையும் வெறுங்காலில் ஏறி இறங்கியவர் அம்மா. அந்த மரப்படியில் இரண்டாவதில் நின்று, மூச்சு வாங்கி, கைப்பிடியை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். வார்டுக்குத் திரும்பி வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்: "சரி, தம்பி வீட்டுக்கே போவோம். ஆனா என் சாமி படமும் என் தலகாணியும் வரணும்."

நாங்கள் எத்தனை சொல்லியும் கேட்காதவர், தன் காலே சொன்னதும் ஏற்றுக்கொண்டார். பெரியவர்கள் விஷயத்தில் முடிவை நாமே எடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவது சுலபம், எனக்கு அதில் சம்மதம் இல்லை. உடம்புதான் படுத்திருக்கிறது, ஆள் முழுசாக இருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டும், அவர் சம்மதிக்கிற வரை வேறு வேறு விதமாகக் கேட்க வேண்டும்.

வீடு முடிவானதும் தம்பி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அம்மாவின் முழங்கால் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று வார்டிலேயே அளந்தான். இந்த அளவுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அம்மாவுக்குச் செய்த மாதிரி ஆபரேஷன் ஆனவர்களிடம் மூன்று விஷயம் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. மீறினால் புது மூட்டு குழியிலிருந்து நழுவிவிடலாம். ஆபரேஷனை எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும், அதனால் உங்கள் டாக்டரிடமே எது கூடாது, எத்தனை வாரத்துக்குக் கூடாது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நம் வீடுகளைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறோம், தரையில் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறோம், மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிறோம், குந்துகிற கக்கூஸ், முழங்காலுக்குக் கீழே தணிந்து அமுங்குகிற சோஃபா. அத்தனையும் இடுப்பை மடக்க வைக்கிறவை. நாற்காலி என்றால் உட்கார்ந்த பிறகு இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்க வேண்டும், கை வைத்து ஊன்றி எழ இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஊன்றும்போது வழுக்கிப் போகும், வேண்டாம். தம்பி வீட்டுக் கட்டில் தணிவாக இருந்ததால் நான்கு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினான், ஆடாமல் இருக்கிறதா என்று அவனே ஏறிப் படுத்து, புரண்டு, எழுந்து பார்த்தான். நடு ஓட்டை உள்ள கமோட் நாற்காலி ஒன்று வாங்கினோம். அதைக் கட்டில் பக்கத்தில் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம், பகலில் அடித்தட்டை எடுத்துவிட்டு உட்காருகிற கக்கூஸின் மேலேயே நிறுத்தினால் உயரமும் கூடும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கிடைக்கும், குளிக்க வைக்கவும் அதே போதும். இந்த ஒரு சாமானுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். வாங்க வசதி இல்லையென்றால் வார்டிலிருக்கும் மருத்துவ சமூகநல அதிகாரியிடம் கேளுங்கள், இரவலுக்குக் கொடுக்கும் தொண்டு அமைப்புகள் பினாங்கில் இருக்கின்றன, அவர்களுக்குத் தெரியும்.

குளியலறைச் சுவரில் கம்பி அடித்தது, ரப்பர் விரிப்பு போட்டது, நடைபாதையிலிருந்த மிதியடிகளை எல்லாம் எடுத்து வீசியது, கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு வைத்தது, இதெல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. சாமி படத்தைத் தம்பி மனைவி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே விளக்கு ஏற்றக்கூடிய உயரத்தில் ஒரு மேசையில் வைத்து, பக்கத்தில் விபூதித் தட்டும் வைத்து, படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "திரி கொஞ்சம் தடியா இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் அவர் மனசு அந்த வீட்டுக்குப் போனது என்று நினைக்கிறேன்.

இனி வார்டில் பழகுவது. ஒரு ஆள் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. எங்களில் யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொண்டு, அவரவர் வேலையை அவரவர் வந்து கற்றுக்கொண்டோம். கட்டிலில் திருப்பிவிடுவது, கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, வாக்கிங் ஃப்ரேமை முதலில் நகர்த்தி, அடுத்து ஆபரேஷன் ஆன கால், அடுத்து நல்ல கால் என்று நடக்க வைப்பது, எழுப்பும்போது கக்கத்தில் கைவிட்டுத் தூக்காமல் இடுப்பைச் சுற்றிப் பிடிப்பது, எல்லாவற்றையும் மிஸ்ஸி செய்து காட்ட, பிறகு நாங்கள் செய்ய, அவர் பார்த்துத் திருத்தினார். கெடாவிலிருந்து வந்த ஒரு மலாய் மிஸ்ஸி, அம்மாவை "அம்மா" என்றேதான் கூப்பிடுவார். நாங்களாகப் போய்க் கேட்டதால் எவ்வளவு வேலை இருந்தாலும் ஒதுங்கி வந்து சொல்லிக்கொடுத்தார். கேட்காமல் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் அன்று கட்டிலோரம் யார் நிற்கிறார்களோ அவரிடம் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருப்பார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஒரு மிஸ்ஸிக்கு எத்தனை கட்டில்.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் தொடர வேண்டும் என்றார்கள். தம்பிதான் போடுவதாகச் சொன்னான். ஊசி என்றாலே முகம் வெளுக்கிறவன். மருந்து ஏற்கெனவே நிரப்பிய சின்ன ஊசி, உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருக்கும், அதை வெளியேற்றக் கூடாது, மருந்து முழுவதும் உள்ளே போகவே அது இருக்கிறது என்று மிஸ்ஸி சொன்னார். தொப்புளிலிருந்து தள்ளி, பக்கவாட்டில், விரலால் சதையைப் பிடித்து மடித்து, ஊசியை நேராகக் குத்தி, மெதுவாக அழுத்தி, முழுவதும் போன பிறகே எடுத்து, அப்புறம் மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ரத்தம் கன்றிப் போகும். இன்றைக்கு இடப்பக்கம் என்றால் நாளைக்கு வலப்பக்கம். தம்பி முதல் தடவை பிடித்தபோது அவன் கை நடுங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா அவன் மணிக்கட்டைத் தொட்டு, "பயப்படாதய்யா, குத்து" என்றார். குத்தினான். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் நன்றாகப் பழகிவிட்டது, வீட்டில் அது ஒரு விஷயமாகவே இல்லை. போட்ட ஊசிகளைக் குப்பையில் போடாமல் கெட்டியான சோப்புத்தூள் டப்பாவில் சேர்த்து மூடி, கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இதைவிட யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, இரவு. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா ராத்திரியில் ஆளே மாறிப்போனார். விளக்கை அணைத்ததும் எழுந்திருக்கப் பார்ப்பார். "பெரட்டுக்கு நேரமாச்சு, பால் வாளி எங்க வச்சீங்க?" என்று கேட்பார். இளம் வயதில் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர், விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க நிற்க வேண்டிய அந்தப் பயம் இத்தனை வருஷம் கழித்து எங்கிருந்தோ எழுந்து வந்தது. செத்துப்போன மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனி இப்படித்தான் என்று நினைத்தேன்.

அப்படி இல்லை. வயதானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மாதிரி குழப்பம் வருவது சாதாரணமாக நடப்பது, பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். மறதி நோய் வேறு, இது வேறு: இது திடீரென்று வரும், பகலில் தெளிந்து இரவில் கூடும். காரணம் என்ன என்று டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அடக்க முடியாத வலி, தண்ணீர் போதாமை, சில மாத்திரைகள், இப்படி எதுவும் பின்னால் இருக்கலாம். நாம் செய்யக்கூடியது: மூக்குக் கண்ணாடியைக் கொடுப்பது, காது கருவி இருந்தால் மாட்டிவிடுவது, பகலில் தூங்கவிடாமல் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துப் பேசுவது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கடிகாரம் வைப்பது, தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது. அவர் சொல்வதை மறுத்து வாதாடினால் இன்னும் பதறுவார். நான், "இன்னைக்கு லீவும்மா, பெரட்டு இல்ல" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வேன். உடனே அடங்கிவிடுவார். வீட்டிலும் முதல் சில இரவுகள் இது இருக்கும் என்று எதிர்பார்த்து, இரவில் யார் பக்கத்தில் படுப்பது என்று முன்பே முறை போட்டு வைத்திருந்தோம். இந்த முறை இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். அரைத்தூக்கத்தில் எழுந்து நடந்து மறுபடியும் விழுந்தால் எல்லாமே முதலிலிருந்து.

மாத்திரை விஷயத்தில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள், வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு வார்டுக்குக் கொண்டு வாருங்கள். பழைய ரத்த அழுத்த மாத்திரை, தனியார் கிளினிக்கில் வாங்கியது, யாரோ கொடுத்த மூலிகைக் கேப்சூல், வலி எண்ணெய், எல்லாம். வார்டு மருந்தாளர் அம்மாவின் பையைக் கட்டில் மேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு கம்பெனி அட்டையில், இரண்டு நிறத்தில் இருந்தது, புதுசாக ஆஸ்பத்திரியில் தரப்போவதும் அதே மருந்துதான். மூன்றையும் சேர்த்து விழுங்கியிருந்தால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றி விழுந்திருப்பார். எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எது புதுசு என்று பட்டியல் வாங்கிக்கொண்டோம். உறைகளில் எல்லாம் மலாயில்தான் அச்சிட்டிருக்கும், அம்மாவுக்குப் பேச வரும், படிக்க வராது. நான் கறுப்பு மார்க்கரில் காலை, மதியம், இரவு என்று தமிழில் பெரிதாக எழுதினேன். வலி மாத்திரை மலத்தைக் கட்டும், அதற்கென்று தந்த லாக்டுலோஸ் சிரப்பை மறக்காமல் கொடுங்கள், பெரியவர்கள் இதை வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள்.

எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும், அதுவரை கோப்பியும் கூடாது. கேல்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்கக் கூடாது. அம்மாவே வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார். அன்றைக்குக் குளித்து விளக்கு வைக்கிற வரை எப்படியும் பச்சைத் தண்ணீர் மட்டும்தானே. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே பலம் இழந்திருக்கிறது என்று அர்த்தம், அதனால் இந்த மாத்திரையைப் பற்றி டாக்டராகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

காசு பற்றிச் சுருக்கமாக. அரசு ஆஸ்பத்திரியில் மூன்றாம் வகுப்பு வார்டுக்கு குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனால் உள்ளே வைக்கும் உலோக மூட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டி வரலாம். முடியாதவர்களுக்கு சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி இருக்கிறது, அதற்கும் மருத்துவ சமூகநல அதிகாரியைத்தான் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு சமூகநல இலாகா மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, வருமான வரம்பு உண்டு. கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

டிஸ்சார்ஜ் நாள். காலையில் ரவுண்டு வந்த டாக்டர் "போகலாம்" என்று சொன்னதும் காடியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) ரவுண்டு முழுவதும் முடித்த பிறகுதான் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் கடிதம் எழுதுவார், மருந்து ஃபார்மசியிலிருந்து வர வேண்டும், பில் கட்ட வேண்டும், அப்பாயின்ட்மென்ட் போட வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடிதத்தில் எந்தக் கால், என்ன ஆபரேஷன், மருந்துப் பட்டியல் எல்லாம் சரியா என்று படித்துப் பாருங்கள், படம் எடுத்துக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்புங்கள். காயத்துக் கிளிப்பை எந்த நாள் எங்கே எடுப்பது, பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசு சுகாதாரக் கிளினிக்) எடுக்கலாமா, எலும்பு டாக்டரை எப்போது பார்ப்பது, பிசியோ எப்போது, மாதா மாதம் மருந்தை எங்கே வாங்குவது என்று கேளுங்கள். மருந்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அலைய வேண்டியதில்லை, வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்க ஏற்பாடு செய்யலாம், தபாலிலும் அனுப்புகிறார்கள். வெளியே வரவே முடியாத நிலையில் இருக்கிறவர்களுக்கு கிளினிக்கிலிருந்து தாதியும் பிசியோவும் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை 2014 முதல் இருக்கிறது, அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்தே பரிந்துரை எழுத வேண்டும், அதையும் கிளம்புவதற்கு முன் கேளுங்கள்.

காடியில் ஏற்றுவதற்கு முந்தின நாளே தம்பி தானே உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தான். முன் சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, தணிந்த இடத்தில் கெட்டியான மெத்தை வைத்து, அதன் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தான். அம்மா சீட்டுக்கு முதுகு காட்டி நின்று, ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டி, கைகளை ஊன்றி மெல்ல உட்கார்ந்து, பின்னால் நகர, பிளாஸ்டிக் வழுக்கிக் கொடுத்தது. பிறகு இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாக உள்ளே திருப்பினோம். உட்கார்ந்ததும் பையை உருவிவிட்டோம், இல்லையென்றால் பிரேக் போடும்போது வழுக்கும். ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் அந்த நேரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டோம், வலி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்திருந்ததால் அம்மா சிரமப்படவில்லை, ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு வருகிற பெரிய சோதனை சொந்தக்காரர்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், அதனால்தான் மறுப்பது கஷ்டம். முட்டை கூடாது, கோழி கூடாது, காயம் சீழ் வைக்கும் என்று ஒருவர். எண்ணெய் போட்டு உருவிவிட நல்ல ஆள் இருக்கிறார், அழைத்து வரவா என்று ஒருவர். உருவுவதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள், ரத்தம் உறைந்திருக்கக்கூடிய காலையும், நழுவக்கூடிய மூட்டையும் அழுத்தி உருவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டில் காயம் ஆறவும் சதை பிடிக்கவும் புரதம் கட்டாயம் வேண்டும், முட்டையும் கோழியும் மீனும் பருப்பும் தயிரும் கொடுங்கள். விரால் மீன் விஷயத்தில் இந்த ஊரில் மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் ஒரே கட்சி, ஆபரேஷன் என்றால் ஹாருவான் சூப். அம்மா சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார், மறுக்க ஒரு காரணமும் இல்லை. மிளகு தட்டிப் போட்டு தம்பி மனைவி வைத்தது.

அவளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் குடும்பங்களில் யார் வீட்டுக்கு நோயாளி போகிறாரோ அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் எல்லாம் விழும், யாரும் கேட்கவும் மாட்டார்கள், அவளும் சொல்லமாட்டாள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். அதனால் வார்டில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசினோம். குளிக்க வைப்பதும் கமோட் வேலையும் என்னுடையது, அதற்காகவே சம்பளமில்லா விடுப்பு எடுத்து அங்கேயே தங்கினேன். அம்மாவின் கூச்சமும் அதில் கொஞ்சம் குறைந்தது. ஊசியும் இரவுக் காவலில் பாதியும் தம்பிக்கு. சமையல் மட்டும் அவளுக்கு. ஞாயிறு மதியம் பெரியம்மா மகள் வந்து உட்கார, நாங்கள் எல்லோரும் வெளியே போய்விடுவோம். எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தோம். அதன் கீழேயே இன்னொரு தாள்: காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், கெண்டைக்கால் வீங்கி வலித்தல் என்றால் அன்றைக்கே டாக்டர். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, அல்லது சட்டென்று இடுப்பில் கடும் வலி வந்து கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் நடக்க வைக்காமல், தூக்காமல், உடனே ஆம்புலன்ஸுக்கு 999.

அம்மா இப்போது ஃப்ரேமை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். தம்பி வீட்டு வாசற்படியைத் தனியாக ஏறி இறங்குகிறார். இரவில் பெரட்டு வருவதில்லை. ஆனால் ஜெலுத்தோங்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், அங்கேதான் அவர் சந்தையும் சிநேகிதிகளும். மூன்று மாடி இனி அவரால் தினமும் முடியாது என்று அவருக்கும் தெரியும், கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம். ஜெலுத்தோங் பக்கம் உட்காருகிற கக்கூஸ் உள்ள கீழ்த்தள பிளாட் வாடகைக்கு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.